மேல் வீட்டுப் படியை அறுத்த சனிக்கிழமை

என் வயது பதினைந்து. பத்தாம் வகுப்பு படிக்கிறேன். பதினெட்டு ஆகவில்லை என்பதால் என் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள்; இந்தத் தாள்களில் அவை வராது என்று என் வாக்குமூலத்தை எழுதும் அலுவலர் சொன்னார். அப்பா ஒரு பார்சல் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். அம்மா வீட்டில் இருக்கிறாள். நான் ஒரே பிள்ளை. கேட்ட கேள்விகளுக்குப் பதிலாகவும், கேட்காத இடங்களில் நானாகவும் இதைச் சொல்கிறேன். கண்ணால் பார்த்ததைப் பார்த்தேன் என்றும், காதால் மட்டும் கேட்டதைக் கேட்டேன் என்றும் பிரித்தே சொல்கிறேன்.

நாங்கள் இருக்கும் கட்டடம் அப்பாவுக்குச் சொந்தமானது. ஒரு சந்தின் முனையில் இருக்கிறது. கீழே முன்பக்கத்தில் நாங்கள் இருக்கிறோம். பின்பக்கத்தில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட சிறிய வீடு, மேலே தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு, இவை இரண்டும் வாடகைக்கு விடப்பட்டவை. மேல் வீட்டுக்கு உள்ளே இருந்து வழி கிடையாது. சந்துப் பக்கச் சுவரை ஒட்டிப் போட்டிருந்த இரும்புப் படி ஒன்றுதான் வழி.

மேல் வீட்டில் ரேடியோ பழுது பார்க்கும் ஒருவரும் அவர் மனைவியும் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே குடியிருந்தார்கள். தெருவில் அவரை ரேடியோக்காரர் என்றும் அவர் மனைவியை ரேடியோக்காரம்மா என்றும் சொல்வார்கள். பிள்ளைகள் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையின் கூரை மேல் ஏறி ஏரியல் கட்டும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வு போய்விட்டது. கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. படுத்தபடியே மார்பின் மேல் ஒரு பலகையை வைத்துக்கொண்டு ரேடியோக்களைப் பிரித்துப் பூட்டுவார். நான் எப்போதும் கையில் புத்தகத்தோடு இருப்பதால் என்னை லைப்ரரி என்று கூப்பிடுவார். "லைப்ரரி, இன்னைக்குத் தொறந்திருக்கா, லீவா?" என்பார்.

அம்மாவின் தம்பி, வீடும் நிலமும் வாங்கி விற்றுக் கொடுக்கும் தரகர். அவரை நான் மாமா என்று அழைக்கிறேன். இந்தக் கட்டடத்தை விற்றுவிட்டுப் பெரிய சாலையில் அடுக்குமாடி வீடு வாங்கலாம் என்று அவர் அப்பாவிடம் பல முறை சொன்னார். போன மாதம் அப்பா சம்மதித்தார். அதன் பிறகு, விற்பதற்கு முன் மதிப்புப் போட வேண்டும் என்று மாமா ஒரு மதிப்பீட்டாளரை அழைத்து வந்தார். அவர் காதில் பென்சில் செருகியிருந்தார். அளவு நாடாவின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, "பாப்பா, இழுத்துப் புடி, தொய்ய விடாத" என்றார். நான் பிடித்துக்கொண்டு எல்லா அறைகளுக்கும் அவரோடு போனேன். அவர் ஒரு நாணயத்தால் சுவரைத் தட்டினார். சத்தம் பொத்தென்று கேட்டால் உள்ளே பூச்சு கழன்றிருக்கிறது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு அது பிடித்திருந்தது. நானும் தட்டிப் பார்த்து, எங்கெங்கே பொத்தென்று கேட்கிறது என்று அவரிடம் சொன்னேன்.

அதன் பிறகு நாங்கள் மேல் வீட்டுக்குப் போனோம். கதவு சாத்தியிருந்தது. "ஒரு நிமிஷம் நில்லுங்க, அவருக்குத் துணி மாத்திட்டிருக்கேன்" என்று ரேடியோக்காரம்மா உள்ளே இருந்து சொன்னார். மாமா, "நாங்க செவுரத்தான் பாக்க வந்தோம், வேற எதையும் பாக்க வரல" என்று சொல்லிக் கதவைத் தள்ளினார். ரேடியோக்காரம்மா போர்வையை இழுத்து அவர் மேல் போட்டார். கட்டிலுக்குப் பின்னால் ஈரம் இருக்கிறதா பார்க்க வேண்டும், கட்டிலை நகர்த்துங்கள் என்று மதிப்பீட்டாளர் சொன்னார். மாமாவும் ரேடியோக்காரம்மாவும் ஆளோடு சேர்த்துக் கட்டிலை இழுத்தார்கள்.

"இழுங்க, இழுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் ஒரு பயணம் கெடைக்குது" என்று ரேடியோக்காரர் சொன்னார்.

மதிப்பீட்டாளர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"செவுரயா கேக்குறீங்க, என்னையா?"

"ரெண்டுக்கும் ஒரே தேய்மானம்தான், எழுதிக்கோங்க" என்று சொல்லி மாமா சிரித்தார்.

ரேடியோக்காரம்மா சிரிக்கவில்லை. "தேய்மானம் போக மிச்சம் எவ்வளவுன்னு சொல்லிட்டுப் போங்க தம்பி. அத வெச்சுத்தான் நாங்க பொழைக்கணும்" என்றார். அப்பா கதவுக்கு வெளியே படியின் மேல்தட்டிலேயே நின்றிருந்தார், உள்ளே வரவில்லை. அறையின் அகலத்தை அளக்கும்போது நாடா கட்டிலின் குறுக்கே போனது. ரேடியோக்காரர் அதைத் தன் இரண்டு விரல்களால் தூக்கிப் பிடித்துக்கொண்டார், தொய்யாமல் இருப்பதற்காக.

கீழே வந்த பிறகு மதிப்பீட்டாளர் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து இரண்டு மதிப்புகள் சொன்னார். குடியிருப்பவர்கள் இருக்கும்போதே விற்றால் ஒரு மதிப்பு, காலி செய்து விற்றால் அதைப்போல் ஒன்றரை மடங்கு என்று சொன்னார். பின் வீட்டுக்காரர்கள் இளவயதுக்காரர்கள், சொன்னால் போய்விடுவார்கள் என்று மாமா சொன்னார். அதற்கு மதிப்பீட்டாளர், "சிக்கல் மேலதான். படுத்த படுக்கையா ஒரு ஆள் இருந்தா எந்தக் கோர்ட்டும் சட்டுனு வெளிய போன்னு சொல்லாது. வாங்குறவன் மொதல்ல அதத்தான் பாப்பான்" என்றார்.

"அப்ப அந்த ஒரு கட்டில் நம்ம கட்டடத்துல மூணுல ஒரு பங்க முழுங்கிட்டுக் கெடக்குதுன்னு சொல்லுங்க" என்றார் மாமா.

"அப்படியும் சொல்லலாம்."

அதன் பிறகு மதிப்பீட்டாளர் புறப்படும்போது சந்தில் நின்று இரும்புப் படியைப் பிடித்து ஆட்டினார். கையில் துரு வந்தது. அது கழிவு, இரும்பாக எடைக்குப் போடலாமே தவிர மதிப்பு எதுவும் கிடையாது என்றார். இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று மாமா கேட்டார். "எடுத்துட்டா மேல வீடுன்னு என்னால எழுத முடியாது. ஏற வழியில்லாத எடத்துல குடித்தனம் ஏது? மொட்டை மாடி, தகரக் கொட்டகைன்னு போடுவேன்" என்று மதிப்பீட்டாளர் சொன்னார். அவர் அதை நாணயத்தால் தட்டுவதைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார். மாமா தானும் ஒரு முறை படியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

அதன் பிறகு பின் வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போனார்கள். விற்பனைக்காக அந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வைத்தார்கள். வெள்ளையடிக்கிறவர்களின் நீள ஏணி அந்த வீட்டுக்குள்தான் படுக்க வைக்கப்பட்டிருந்தது. அது அங்கே இருந்ததை நான் தினமும் பார்த்தேன். ரேடியோக்காரம்மாவும் வீடு தேடினார். தரைத்தளமாக வேண்டும் என்றதும் யாருக்காக என்று கேட்பார்களாம், யாருக்காக என்று சொன்னதும் இல்லை என்பார்களாம். ஒரு வீட்டில், "இவரு வந்த மறுமாசமே எங்க வீட்டுல செத்துவெச்சா நாங்க என்ன பண்றது?" என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னார். மழைக்கு முன் போய்விடுகிறோம் என்று அவர் கேட்டுக்கொண்டபோது மாமா, "எந்த வருஷத்து மழைன்னு தெளிவா சொல்லிடுங்க" என்றார்.

போன சனிக்கிழமை நடந்தது இனி வருகிறது.

ரேடியோக்காரம்மா சனிக்கிழமைதோறும் அரசு மருத்துவமனைக்குப் போய் அவருக்கு வேண்டிய சிறுநீர்க் குழாயும் மாத்திரையும் வாங்கி வருவார். வரிசை பெரியது என்பதால் திரும்ப மதியம் ஆகும். அன்றும் போகும்போது எங்கள் கதவைத் தட்டி அம்மாவிடம், "அவரு தனியா இருக்காரு, கூப்பிட்டா ஒரு எட்டுப் பாத்துக்கோங்க" என்றார். அம்மா "ம்" என்றாள். நான் சந்துப் பக்கச் சன்னலோரம் உட்கார்ந்து அறிவியல் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். சன்னலில் கம்பி உண்டு, கதவு திறந்திருந்தது. அங்கிருந்து படியின் அடிப்பகுதி கைக்கெட்டும் தூரம்.

ரேடியோக்காரம்மா தெருமுனை தாண்டிய சற்று நேரத்தில், தள்ளுவண்டியில் வாயு உருளையோடு ஒரு வெல்டிங்காரர் வந்தார். அப்பாவும் மாமாவும் சந்துக்குப் போனார்கள். மேலே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. "மேல ஆளு இருக்காங்களா? பாட்டு கேக்குதே" என்று வெல்டிங்காரர் கேட்டார். அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா, "ரேடியோவ அணைக்காம ஆசுபத்திரிக்குப் போயிட்டாங்க. நீங்க ஆரம்பிங்க தம்பி" என்றார். அதன் பிறகு வெல்டிங்காரர் முகமூடி போட்டுக்கொண்டு, தன் ஏணியை வைத்து ஏறி, படி சுவரோடு சேரும் மேல் முனையை முதலில் அறுக்கத் தொடங்கினார். தீப்பொறி சன்னல் வரைக்கும் வந்து விழுந்தது. நான் புத்தகத்தை நகர்த்தி வைத்தேன்.

மேல் முனை பாதி அறுந்த நிலையில் வாயு தீர்ந்துபோய், வெல்டிங்காரர் வேறு உருளை எடுக்கத் தெருவில் நிறுத்தியிருந்த வண்டிக்குப் போனார். மாமாவும் அவரோடு போனார். சத்தம் நின்றது. சந்தில் அப்பா மட்டும் இருந்தார். அப்போது மேலே இருந்து ரேடியோக்காரர் பாட்டின் ஒலியைக் குறைத்துவிட்டு, "யாருப்பா கீழ? கருகுற நாத்தம் வருது. லைப்ரரி, நீயா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் பின்னால் வந்து நின்று என் தோளை அழுத்தினாள். அப்பா தலையை நிமிர்த்தி மேலே பார்த்து, "ஒண்ணுமில்லண்ணே. படிக்குப் பத்த வெக்கிறோம். நீங்க கண்ண மூடிப் படுங்க" என்றார்.

"நல்லதுப்பா. ரொம்ப நாளா ஆடிக்கிட்டிருந்துச்சு. இவ ஏறி எறங்குற ஒவ்வொரு தடவையும் எனக்குப் பக்குன்னு இருக்கும். நீ நல்லா இருப்ப" என்று ரேடியோக்காரர் சொன்னார். அதன் பிறகு பாட்டின் ஒலி பழையபடி கூடியது. வெல்டிங்காரர் புது உருளையோடு வந்தார். அப்பா அவரிடம், "தம்பி, வெயிலுக்கு முன்னாடி முடிச்சிடுங்க" என்றார்.

நான் அம்மாவிடம், படியை எடுத்துவிட்டால் பெரியம்மா எப்படி மேலே போவார் என்று கேட்டேன். ரேடியோக்காரம்மாவைத்தான் நான் பெரியம்மா என்பேன். "அதெல்லாம் பெரியவங்க பாத்துக்குவாங்க. நீ படி" என்றாள் அம்மா. வெல்டிங்காரரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். அம்மா வாசல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் சன்னலில் இருந்து "தம்பி" என்றும் "சார்" என்றும் கூப்பிட்டேன். அறுக்கும் சத்தத்தில் வெல்டிங்காரருக்குக் கேட்கவில்லை. படி முழுதும் கீழே சாய்ந்து, அதைத் துண்டு போட்டு, பழைய இரும்பு வாங்குகிறவரின் வண்டியில் ஏற்றும் வரை நான் சன்னலில்தான் இருந்தேன். வெல்டிங்காரரும் தன் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேல் வீட்டுக் கதவு சுவரின் நடுவில், கீழே எதுவும் இல்லாமல் இருந்தது.

மதியம் ரேடியோக்காரம்மா மருந்துப் பையோடு சந்துக்குள் வந்தார். படி இருந்த இடத்தில் கால் வைக்கப் போவதுபோல் ஓர் அடி எடுத்து வைத்த பிறகுதான் மேலே பார்த்தார். மாமா ஒரு நாற்காலி போட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"படி எங்க?"

"ஆபத்தான படின்னு மதிப்புப் போட வந்தவரே சொல்லிட்டாரும்மா. எடுத்தாச்சு."

"அவரு மேல இருக்காரு."

"பத்திரமா இருக்காரு. யாரும் ஏறித் தொந்தரவு பண்ண முடியாது."

ரேடியோக்காரம்மா மருந்துப் பையைச் சுவரோரம் வைத்தார். அதன் பிறகு, ஏணி வையுங்கள், மேலே போய் அவருக்குத் தண்ணீரும் மாத்திரையும் கொடுத்துவிட்டு வருகிறேன், வந்து நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன் என்றார். ஏணி வைத்தால் மேலே போய் உட்கார்ந்துகொள்வீர்கள், முதலில் வீட்டை ஒப்படைப்பதாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், அந்த நிமிடமே நாங்களே ஆள் வைத்துக் கட்டிலோடு இறக்கித் தருகிறோம் என்று மாமா சொன்னார். போலீசுக்குப் போகிறேன் என்று ரேடியோக்காரம்மா சொன்னார். "தாராளமா போங்க. போயி, சொல்லி, அவங்க எழுதி, வந்து பாக்குற வரைக்கும் அவரு தொண்ட காஞ்சுகிட்டு இருப்பாரு. யோசிச்சுக்கோங்க" என்றார் மாமா.

பேச்சுச் சத்தம் மேலே கேட்டிருக்க வேண்டும். ரேடியோக்காரர், "ஏய், வந்துட்டியா? ஏன் கீழயே நிக்குற?" என்று கேட்டார்.

"படி இல்லங்க."

"படிக்குப் பத்த வெக்கிறோம்னு சொன்னாங்களே?"

"ஆமாங்க. நல்லாப் பத்த வெச்சுட்டாங்க."

மேலே ரேடியோக்காரர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கேட்டேன். "சரி, சரி, எப்படியாச்சும் வா. தகரம் கொதிக்குது. குடம் கதவுகிட்ட இருக்கு, எனக்கு எட்டல" என்றார்.

அதன் பிறகு ரேடியோக்காரம்மா எதிர்க் கடைக்காரரிடம் போய் ஏணி கேட்டார். "ஏணி இல்லம்மா. இருந்தாலும் அடுத்தவங்க செவுத்துல நான் எப்படிச் சாத்துறது?" என்று கடைக்காரர் சொன்னது எனக்குக் கேட்டது. ரேடியோக்காரம்மா திரும்பி வந்தபோது நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, பின் வீட்டுல ஏணி இருக்கு! வெள்ளையடிக்கிற ஏணி!" என்று கத்தினேன். அவர் பின்பக்கம் ஓடினார். அந்த வீடு பூட்டியிருந்தது. மாமா சட்டைப் பையில் இருந்து சாவியை எடுத்து அவருக்குக் காட்டிவிட்டு, மறுபடியும் பைக்குள் போட்டுக்கொண்டார். அதன் பிறகு அம்மா என் வாயில் அடித்தாள். சன்னல் கதவையும் சாத்தினாள். கதவுப் பலகைகளுக்கு நடுவில் ஒரு விரல் அளவு இடைவெளி உண்டு. அதன் பிறகு நடந்ததை அதன் வழியாகப் பார்த்தேன்.

ரேடியோக்காரம்மா துணி காயப்போடும் நீளக் கம்பின் நுனியில் தண்ணீர் பாட்டிலைக் கட்டி, மேல் வீட்டுச் சன்னலுக்குள் தள்ளப் பார்த்தார். கம்பு சற்றுக் குட்டை. குதிகாலைத் தூக்கித் தூக்கி நின்றார். "காய் பறிக்கிறாப்ல இருக்கு. இன்னும் கொஞ்சம் எம்புங்க" என்று மாமா சொன்னார். கடைசியில் பாட்டில் உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. "கெடச்சுதா?" என்று ரேடியோக்காரம்மா கேட்டார். "சன்னலுக்கு அடியிலயே விழுந்துடுச்சு. நான் எறங்கிப் பாக்குறேன்" என்று ரேடியோக்காரர் சொன்னார். "எறங்காதீங்க, எறங்காதீங்க, நான் கையெழுத்துப் போட்டுட்டு இதோ வந்துடறேன்" என்று ரேடியோக்காரம்மா சத்தம் போட்டுவிட்டு, மாமாவிடம் தாளைக் கேட்டார்.

மாமாவிடம் அப்போது தாள் இல்லை. பத்திரம் எழுதுகிறவர் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார், வந்ததும் எழுதி வாங்கி வரலாம் என்றார். ஒரு வெறுந்தாளில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், நீங்கள் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்று ரேடியோக்காரம்மா சொன்னார். "நாளைக்கு மெரட்டி வாங்கினாங்கன்னு சொல்லுவீங்க. எதையும் மொறையா செய்யணும்மா" என்றார் மாமா. அம்மா கதவைத் திறந்துவிட்டு மறுபடியும் பூட்டினாள், அப்பா உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தார். நான் அப்பாவிடம் சாவியை வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டேன். "மாமா பாத்துக்குவாரு. எல்லாம் உனக்காகத்தாம்மா" என்றார். தட்டில் போட்டது அப்படியே இருந்தது, பிசைந்துகொண்டே இருந்தார்.

அதன் பிறகு மேலே எதுவோ விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. குடம் என்று நினைத்தேன். ரேடியோக்காரம்மா கூப்பிட்டார். பதில் வரவில்லை. மீண்டும் மீண்டும் கூப்பிட்டார். கூப்பிடும் இடைவெளிகளில் பாட்டு மட்டும் கேட்டது. மாமா, "பாட்டு ஓடுதுல்ல? கேட்டுக்கிட்டே அசந்துட்டாரு" என்றார். ரேடியோக்காரம்மா சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். அவ்வப்போது சுவரை உள்ளங்கையால் தட்டினார்.

வெயில் சந்தை விட்டு இறங்கிய பிறகுதான் பத்திரம் வந்தது. அப்பா பேனாவைத் திறந்து கொடுத்தார். ரேடியோக்காரம்மா தாளைச் சுவரில் வைத்துப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். மாமா அதை ஒரு முறை வாசித்துப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டு, பின் வீட்டைத் திறந்து ஏணியை எடுத்து வந்து சாத்தினார். அப்பா ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டார். ரேடியோக்காரம்மா மேலே ஏறி உள்ளே போனார். பாட்டு நின்றது. அழுகைச் சத்தம் எதுவும் வரவில்லை. சற்று நேரம் கழித்து வாசலில் வந்து நின்று, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து, "வீடு காலியாயிடுச்சு தம்பி. வந்து அளந்துக்கோங்க" என்றார்.

அம்மா கதவைத் திறந்து வெளியே ஓடினாள். நானும் ஓடி, யாரும் தடுக்காததால் ஏணியில் ஏறி உள்ளே போனேன். அங்கே நான் பார்த்தவை: கட்டிலில் ஆள் இல்லை. பாட்டில் மூடி திறக்காமல் சன்னலுக்கு அடியில் கிடந்தது. ரேடியோக்காரர் கதவுக்கு அருகில் கவிழ்ந்து கிடந்தார். குடம் சாய்ந்திருந்தது. தரை காய்ந்திருந்தது. அவருடைய தாடையும் சட்டையின் முன்பக்கமும் மட்டும் ஈரமாக இருந்தன. நாக்கு தரையில் பட்டிருந்தது.

மறுநாள் காலை, போலீஸ் வருவதற்கு முன், மாமா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். படி அறுக்கும்போது நீ எங்கே இருந்தாய் என்று கேட்டார். சன்னலோரம் படித்துக்கொண்டிருந்தேன் என்றேன். "அவ்வளவுதான். அதத்தான் சொல்லணும். நீ புத்தகத்தக் கையில எடுத்தா காதுகிட்ட இடி விழுந்தாலும் கேக்காதுன்னு தெருவுக்கே தெரியும். பொய் சொல்ல வேணாம், கேக்கலன்னு சொன்னாப் போதும்" என்றார். எனக்குக் கேட்டது என்று சொன்னேன். "உங்கப்பா அந்தாளும் ஆசுபத்திரிக்குப் போயிட்டாருன்னு நெனச்சாரு. புரியுதா? நெனச்சாரு" என்றார். அப்பா எதிரே உட்கார்ந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படியை அறுக்கும்போது மேலே ஆள் இருந்தது அப்பாவுக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதான் முக்கியம் என்று அலுவலர் எனக்கு விளக்கினார். தெரியாது என்று அப்பா எழுதிக் கொடுத்திருப்பதாகவும், தெரியும் என்று ரேடியோக்காரம்மா கோபத்தில் சொல்வதாக மாமா சொல்கிறார் என்றும், வெல்டிங்காரருக்கு மேலே இருந்து எந்தக் குரலும் கேட்கவில்லை என்றும் சொன்னார். "அண்ணே" என்று அப்பா சொன்னது வெல்டிங்காரரைப் பார்த்துத்தான் என்று இருக்க முடியாதா என்றும் என்னிடம் கேட்டார். இருக்க முடியாது. வெல்டிங்காரர் அப்போது தெருவில் இருந்தார். அவர் அப்பாவை விட இளையவர். அவரை அப்பா அன்று முழுதும் தம்பி என்றுதான் அழைத்தார். வேலை செய்துகொண்டிருப்பவரிடம் கண்ணை மூடிப் படுங்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்பா அண்ணே என்று அழைத்தது ரேடியோக்காரரை மட்டும்தான். அதனால்தான் நான் அவரைப் பெரியப்பா என்று அழைத்தேன். எங்களுக்குள் வேறு உறவு கிடையாது.

இன்னொன்றும் சொன்னேன். அண்ணே என்பது விளி. எட்டாம் வேற்றுமை. கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தால்தான் அது வரும். பாட்டு எழுதுகிறவர்கள் நிலாவையும் காற்றையும் விளிப்பார்கள் என்று பாடத்தில் இருக்கிறது. என் அப்பா பாட்டு எழுதுகிறவர் அல்ல.

இதுவரை சொன்னதை அலுவலர் எனக்குப் படித்துக் காட்டினார். வயது குறைந்தவள் என்பதால் பெற்றவர் ஒருவர் கையெழுத்தும் வேண்டும் என்று அம்மாவை உள்ளே அழைத்தார். அதன் பிறகு நடந்ததையும் சேர்த்துக்கொள்ளும்படி நான் கேட்டேன், அலுவலர் சேர்த்துக்கொண்டார்.

அம்மா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். தன்னைப் பற்றி இருக்கும் இடங்களில் நிற்கவில்லை. அண்ணே என்ற அந்தச் சொல் வந்த இடத்தில் விரல் நின்றது. "இந்த ஒரு வார்த்தைய மட்டும் அடிச்சிடு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒண்ணுமில்லன்னு மட்டும் இருக்கட்டும்" என்றாள்.

"அது பிழை இல்லம்மா, அடிக்கிறதுக்கு."

"உங்கப்பா உள்ள போனா நீ எந்த வீட்டுக்குத் திரும்பி வருவ?"

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அம்மா பேனாவை மூடி மேசை மேல் வைத்தாள். தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்த என் பள்ளிப் பையைக் கழற்றி என் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் வெளியே போனாள். வெளியே பெஞ்சில் தேடியபோது அவள் இல்லை என்று காவலர் வந்து சொன்னார். என் அனுமதியோடு அலுவலர் பையைத் திறந்தார். அதில் என் பாடப் புத்தகங்கள், மடித்து வைத்த மாற்றுத் துணிகள், என் பல் துலக்கும் பிரஷ், தலை வாரும் சீப்பு ஆகியவை இருந்தன. அடியில் என் போர்வை இருந்தது. அவற்றை அம்மா வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வைத்திருக்கிறாள்.

மேலே உள்ளவை நான் கண்டவையும் கேட்டவையும். இதில் ஒரு சொல்லை மாற்றும்படியோ எடுக்கும்படியோ நான் யாரையும் கேட்கவில்லை. படிக்கக் கேட்டு, சரி என்று கண்டு, என் கையால் ஒப்பமிடுகிறேன்.

(கையெழுத்து)

பெற்றவர் கையெழுத்து: இடவில்லை. அவருக்குப் பதிலாகக் குழந்தைகள் நல அலுவலர் ஒப்பமிட்டார்.